மஞ்சள் கடுதாசி கொடுத்தால் கடன் தீர்ந்துவிடுமா?

"மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டான்" என்ற சொல்லைக் கேள்விப்படாத வியாபாரக் குடும்பம் நம் ஊர்களில் இருக்காது. கடைவீதியில் ஒருவர் நொடித்துப் போனால், அவர் நேர்மையாக வியாபாரம் செய்து தோற்றாரா, ஊரை ஏமாற்றினாரா என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. இரண்டுக்கும் இந்த ஒரே சொல்தான். இதனால் என்ன நடக்கிறது? உண்மையிலேயே நஷ்டப்பட்டவர் ஜும்ஆவுக்கு வரக் கூச்சப்பட்டு வேறு முஹல்லா பள்ளிக்குப் போய்த் தொழுகிறார். வீட்டை மனைவி பெயருக்கும் கடையை மச்சான் பெயருக்கும் மாற்றிவிட்டு நோட்டீஸ் அனுப்பியவர் முதல் ஸஃப்பில் வந்து நிற்கிறார்.

நாட்டின் சட்டம் இந்த இருவரையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பதில்லை. மார்க்கமும் பார்ப்பதில்லை. நொடித்துப் போவது குற்றமல்ல. நொடிப்பதற்கு முந்தைய மாதங்களிலும் அதற்குப் பிறகும் ஒருவர் என்ன செய்தார் என்பதில்தான் குற்றம் இருக்கிறதா இல்லையா என்பது தீர்மானமாகிறது. இதைத் தனிநபர் விஷயத்திலும், கம்பெனி இயக்குநர்கள் விஷயத்திலும் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

முதலில் தனிநபர். மஞ்சள் கடுதாசி என்று நாம் சொல்வது ஐ.பி., அதாவது இன்சால்வென்சி பெட்டிஷன். 2016இல் திவால் சட்டத் தொகுப்பு வந்துவிட்டதே, பழைய சட்டமெல்லாம் போய்விட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அந்தத் தொகுப்பில் தனிநபர்களுக்கான பகுதி, கம்பெனிக் கடனுக்குச் சொந்த ஜாமீன் கொடுத்தவர்களுக்கு மட்டும்தான் 2019 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. மளிகைக் கடைக்காரர், தோல் வியாபாரி, ஜவுளி ஏஜென்ட் ஆகியோருக்கு இன்னும் நூறாண்டுப் பழமையான சட்டங்கள்தான். சென்னை நகருக்கு 1909ஆம் ஆண்டுச் சட்டம், மற்ற மாவட்டங்களுக்கு 1920ஆம் ஆண்டு மாகாண திவால் சட்டம்.

இந்தச் சட்டப்படி ஒருவரை நீதிமன்றம் திவாலானவர் என்று அறிவித்துவிட்டால், அவருடைய சொத்து அவர் கையை விட்டு நீதிமன்றத்தின் வசமோ ரிசீவர் வசமோ போய்விடும். ரிசீவர் அதை விற்று, கடன் கொடுத்தவர்களுக்கு விகிதப்படி பங்கிடுவார். நோட்டீஸ் அனுப்பியதுமே கடன் கழிந்துவிட்டது என்ற நினைப்பு தவறு. பெட்டிஷன் போடுவது ஒன்று, திவால் என்று அறிவிக்கப்படுவது ஒன்று, கடைசியில் விடுவிப்பு பெறுவது இன்னொன்று. பெட்டிஷன் நகலை மட்டும் அனுப்பிவிட்டு, கடன் கொடுத்தவர்கள் சோர்ந்து போகும்வரை வாய்தா வாங்கிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. நோட்டீஸ் வந்ததும் "இனி ஒன்றும் கிடைக்காது" என்று நம் மக்களும் விட்டுவிடுகிறார்கள். நீதிமன்றத்தில் ஆஜராகி ஆட்சேபிக்கும் உரிமை அவர்களுக்கு இருக்கிறது.

எதை ஆட்சேபிக்கலாம்? பெட்டிஷனுக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்குள் சும்மா எழுதிக் கொடுத்த சொத்தை ரத்து செய்யக் கேட்கலாம். மனைவி பெயருக்கு எழுதிய தானப் பத்திரமெல்லாம் இதில் அடங்கும். முந்தைய மூன்று மாதங்களுக்குள், மற்றவர்களை விட்டுவிட்டு ஒருவருக்கு மட்டும் சலுகை காட்டும் நோக்கத்தோடு கடனை அடைத்திருந்தால் அதையும் கேள்வி கேட்கலாம். கணக்குப் புத்தகத்தை மறைத்தாலோ, அழித்தாலோ, சொத்தை ஒளித்தாலோ ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. திவாலாகி விடுவிப்பு பெறாத ஒருவர், அந்த விவரத்தைச் சொல்லாமல் புதிதாகக் கடன் வாங்கினால் அது தனிக் குற்றம்; ஆறு மாதம் வரை சிறை. எவ்வளவு கடன் என்று கேட்டால் சிரிப்பு வரும். 1920ஆம் ஆண்டுச் சட்டம் எழுதி வைத்திருக்கும் தொகை 50 ரூபாய்! அந்தக் காலத்து 50 ரூபாய் பெரிய தொகைதான். ஆனாலும் கோட்பாடு தெளிவாக இருக்கிறது: தன் நிலையை மறைத்துப் பிறர் பணத்தைத் தொடக் கூடாது. திவாலானவர் உள்ளாட்சிப் பதவிக்கோ சட்டமன்றத்துக்கோ நாடாளுமன்றத்துக்கோ வர முடியாது என்பதும் இதோடு சேர்ந்ததுதான்.

இவையெல்லாம் ஆங்கிலேயர் கொண்டுவந்தவை என்று நினைக்க வேண்டாம். ஃபிக்ஹு நூல்களில் 'தஃப்லீஸ்' என்று தனிப் பாடமே இருக்கிறது. மதரஸாவில் ஓதியவர்களுக்கு அது நினைவிருக்கும். கடன் சொத்தை மிஞ்சிவிட்டால், கடன் கொடுத்தவர்கள் கேட்டுக்கொண்டால், காழீ அவர் மீது 'ஹஜ்ர்' விதிப்பார். அதாவது சொத்தைக் கையாளும் உரிமையைத் தடுத்து வைப்பார். பிறகு சொத்தை விற்றுப் பங்கிடுவார். உடுத்த உடையும், அவரும் அவர் பொறுப்பில் உள்ளவர்களும் உண்ண உணவும் விட்டுவைக்கப்படும். இந்தத் தடையைச் சாட்சிகள் வைத்து அறிவிப்பது விரும்பத்தக்கது என்று ஷாஃபிஈ அறிஞர்கள் எழுதுகிறார்கள். காரணம், மக்கள் அவரோடு கொடுக்கல் வாங்கல் செய்வதில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பதுதான். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் மட்டும் வயது வந்த, சுயபுத்தியுள்ள ஒருவரை இப்படித் தடுப்பதை ஏற்கவில்லை; கொடுக்கும்வரை சிறை வைக்கலாம் என்றார்கள். அவர்களின் இரு மாணவர்களும் மற்ற மூன்று இமாம்களும் ஹஜ்ரை ஏற்றார்கள்.

இதற்கு ஸஹாபாக்கள் காலத்து முன்மாதிரி ஒன்று இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் பதிவாகியிருக்கிறது. ஜுஹைனா கோத்திரத்தைச் சேர்ந்த உஸைஃபிஃ என்பவர் ஹஜ் காலத்தில் அதிக விலை கொடுத்து ஒட்டகங்களை வாங்கி, வேகமாகப் பயணம் செய்து, மற்ற ஹாஜிகளுக்கு முன்பாக ஊர் வந்து சேர்வார். 'முதலில் வந்தவர் இவர்' என்ற பேச்சுக்காகத்தான் இத்தனையும். கடைசியில் கடன் மூழ்கடித்தது. உமர் (ரலி) அவர்கள் மக்கள் முன் நின்று, அவர் பெயரைச் சொல்லி, திருப்பிக் கொடுப்பதைப் பற்றிய கவலையில்லாமல் கடன் வாங்கினார் என்று காரணத்தையும் சொல்லி, கடன் கொடுத்தவர்கள் மறுநாள் காலையில் வரட்டும், சொத்தைப் பங்கிடுவோம் என்று அறிவித்தார்கள். கலீஃபா அங்கே கண்டித்தது நஷ்டத்தை அல்ல. கொடுக்கும் எண்ணம் இல்லாமல் வாங்கியதைத்தான்.

நேர்மையாக நொடித்தவர் விஷயத்தில் மார்க்கத்தின் தொனியே வேறு. சிரமத்தில் இருப்பவருக்கு வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கச் சொல்கிறது அல்பகராவின் 280ஆம் வசனம்; விட்டுக்கொடுத்தால் அது இன்னும் சிறந்தது என்கிறது. பழ வியாபாரத்தில் பெரும் நஷ்டம் அடைந்த ஒருவருக்காக நபி (ஸல்) அவர்கள் மக்களிடம் தர்மம் செய்யச் சொன்னார்கள். அதுவும் போதாமல் போனபோது, இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் உங்களுக்கு இல்லை என்று கடன் கொடுத்தவர்களிடம் கூறினார்கள். இது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. வசதி இருந்தும் இழுத்தடிப்பது அநியாயம் என்பதும் அதே நபியின் சொல்தான்; அது புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது.

சரி, ஒருவர் "என்னிடம் ஒன்றுமில்லை" என்கிறார். உண்மையா என்று எப்படி அறிவது? ஷாஃபிஈ சட்ட நூல்கள் இதை அழகாகப் பிரிக்கின்றன. கடன் வாங்கியதாலோ சரக்கு வாங்கியதாலோ வந்த பாக்கி என்றால், அவர் கைக்கு ஏதோ ஒரு பொருள் வந்திருக்கிறது. அது எங்கே போனது என்பதற்கு அவர் சாட்சி கொண்டுவர வேண்டும். வெறும் சத்தியம் போதாது. அந்தச் சாட்சிகளும் தெருவில் பார்த்தவர்களாக இருந்தால் போதாது, அவருடைய உள்விவகாரம் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும். இன்று ரிசீவர் வங்கிக் கணக்கையும் ஜி.எஸ்.டி. ரிட்டர்னையும் கேட்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

ஓர் இடத்தில் மட்டும் சட்டமும் மார்க்கமும் பிரிகின்றன. நீதிமன்றம் விடுவிப்பு கொடுத்துவிட்டால் சட்டத்தின் பார்வையில் மீதிக் கடன் முடிந்தது. மோசடியால் வந்த கடனும் நம்பிக்கைத் துரோகத்தால் வந்த கடனும் அந்த விடுவிப்பில் சேராது. ஆனால் பெரும்பாலான ஃபிக்ஹு அறிஞர்களின் கருத்துப்படி, பங்கிட்டது போக மீதி அவர் பொறுப்பிலேயே நிற்கிறது. வசதி வந்தால் கொடுக்க வேண்டும். கடன் கொடுத்தவர் மனமார மன்னித்தால்தான் நீங்கும். வாக்குத் திறமையால் தீர்ப்பைத் தன் பக்கம் வாங்கிக்கொண்டவர், அது தன் சகோதரனின் உரிமையாக இருந்தால் நெருப்புத் துண்டைத்தான் வாங்கிச் செல்கிறார் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த ஹதீஸ் இங்கே பொருந்தும். வாரிசுகளும் கவனிக்க வேண்டும்: பாகப்பிரிவினைக்கு முன் கடன் என்று குர்ஆன் வரிசை வைத்திருக்கிறது.

இனி கம்பெனி. இதில்தான் நம் குடும்பங்கள் விவரம் தெரியாமல் மாட்டிக்கொள்கின்றன.

பிரைவேட் லிமிடெட் கம்பெனி தொடங்க குறைந்தது இரண்டு இயக்குநர்கள் வேண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டம். வியாபாரம் செய்பவர் ஒருவர்தான். இரண்டாவது ஆளுக்கு என்ன செய்வார்? மனைவி, உம்மா, கல்லூரி முடித்த மகன் என்று யாராவது ஒருவர் பெயரைப் போடுவார். ஆதார், பான் நகல் ஆடிட்டர் அலுவலகத்துக்குப் போகும். அந்த அம்மா பெயரில் டிஜிட்டல் கையொப்பம் உருவாகும். அது ஆடிட்டர் மேசை டிராயரில் கிடக்கும். அவருக்கே தெரியாமல் ஆண்டுக்கணக்கில் அவர் கையெழுத்து போடப்பட்டுக்கொண்டிருக்கும். சட்டம் அவரைப் பெயரளவு இயக்குநர் என்று பார்க்காது. நல்லெண்ணத்தோடும் கவனத்தோடும் நடந்துகொள்ள வேண்டும், முறையற்ற லாபம் அடையக் கூடாது என்று 166ஆம் பிரிவு விதிக்கும் கடமைகள் எல்லா இயக்குநருக்கும் பொது.

2017இல் இது வெளிச்சத்துக்கு வந்தது. தொடர்ந்து மூன்று நிதியாண்டுகள் கணக்கு தாக்கல் செய்யாத கம்பெனிகளின் இயக்குநர்கள் 3 லட்சத்துக்கும் மேற்பட்டோரை மத்திய கம்பெனி விவகார அமைச்சகம் தகுதி நீக்கம் செய்து பட்டியல் வெளியிட்டது. 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பெனிகள் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டன. தகுதி நீக்கம் என்றால் ஐந்து ஆண்டுகளுக்கு வேறு எந்தக் கம்பெனியிலும் இயக்குநராக முடியாது. பொதுமக்களிடம் வாங்கிய டெபாசிட்டை ஓராண்டாகியும் திருப்பித் தராத கம்பெனியின் இயக்குநருக்கும் இதே கதி. அந்தப் பட்டியலை எதிர்த்துப் பலர் வழக்குத் தொடர்ந்தார்கள். முன்னறிவிப்பு தரவில்லை, சட்டத்தைப் பின்தேதியிட்டுப் பயன்படுத்தினார்கள் என்ற காரணங்களால் 2018இல் சென்னை உயர்நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அரசு செய்தால் எல்லாம் சரி என்று இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறோம். ஆனால் மூன்றாண்டு விதி அப்படியேதான் இருக்கிறது.

கணக்கு தாக்கல் செய்யாதது அலட்சியம். அதைவிடக் கடுமையானது கம்பெனி மூழ்கும்போது நடப்பது. திவால் சட்டத் தொகுப்பின்படி கம்பெனி தீர்வாயத்துக்குப் போனால், அங்கே நியமிக்கப்படும் நிபுணர் பழைய பரிமாற்றங்களைத் தோண்டுவார். உறவினர்களுக்கும் சம்பந்தப்பட்டவர்களுக்கும் சலுகையாகக் கொடுத்தவை என்றால் இரண்டு ஆண்டுகள் பின்னோக்கி, மற்றவர்களுக்கு என்றால் ஓராண்டு பின்னோக்கிப் பார்த்து ரத்து செய்யக் கேட்பார். மாமனாரிடம் வாங்கிய கைமாற்றை முதலில் அடைத்துவிட்டு, நூல் கொடுத்த மில்லுக்கு நாமம் போட்டால் அது இங்கே வரும். முந்தைய பன்னிரண்டு மாதங்களுக்குள் சொத்தையோ கணக்கையோ மறைத்திருந்தால் மூன்று முதல் ஐந்து ஆண்டு வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். மீள வழியே இல்லை என்று தெரிந்த பிறகும் கடன் கொடுத்தவர்களின் இழப்பைக் குறைக்க முயலாமல் வியாபாரத்தைத் தொடர்ந்த இயக்குநர், தன் சொந்தப் பணத்திலிருந்து ஈடுகட்டும்படி 66ஆம் பிரிவு உத்தரவிட வைக்கும். கம்பெனியைப் பதிவேட்டிலிருந்து எடுத்துவிட்டோம், முடிந்தது என்பதும் இல்லை. கம்பெனி போனாலும் இயக்குநரின் பொறுப்பு தொடரும் என்று சட்டமே சொல்கிறது.

லண்டனிலும் லெஸ்டரிலும் கடை வைத்திருக்கும் நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. பிரிட்டனில் இந்த வேலைக்கென்றே 'இன்சால்வென்சி சர்வீஸ்' என்ற அரசு அமைப்பு இருக்கிறது. தவறு செய்த இயக்குநரை 2 முதல் 15 ஆண்டுகள் வரை விலக்கி வைக்க 1986ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்கிறது. திவாலான தனிநபர் பொதுவாக 12 மாதத்தில் விடுபடுவார். ஆனால் நேர்மையின்றி நடந்திருந்தால் அவருக்கும் 2 முதல் 15 ஆண்டுகள் கட்டுப்பாடு நீளும். பெயர்கள் எவரும் பார்க்கும் பதிவேட்டில் ஏறும். 2020 மே மாதம் தொடங்கிய கொரோனா காலக் கடன் திட்டத்தில், விற்பனைத் தொகையைக் கூட்டிக் காட்டி 50,000 பவுண்டு வரை வாங்கி வீட்டுக்குச் செலவழித்தவர்கள்தான் பிறகு இதில் பெரும் எண்ணிக்கையில் சிக்கினார்கள். கம்பெனியைக் கலைத்துவிட்டுத் தப்பித்தவர்களையும் விசாரிக்க 2021இல் தனிச் சட்டமே போட்டார்கள்.

"கம்பெனி வேறு, நான் வேறு, கம்பெனிக் கடனுக்கு நான் பொறுப்பல்ல" என்பது மார்க்கப்படி சரியா என்று அடிக்கடி கேட்கிறார்கள். வரையறுக்கப்பட்ட பொறுப்பு என்பது பழைய நூல்களில் நேரடியாக இல்லாத விஷயம். முஃப்தி தகீ உஸ்மானீ போன்றோர் வக்ஃபு, பைத்துல்மால் போன்ற முன்மாதிரிகளைக் கொண்டு, பொதுமக்கள் பங்கு வாங்கும் பெரிய கம்பெனிகளுக்கு இதை ஏற்றிருக்கிறார்கள். ஆனால் அன்றாட விவகாரம் அத்தனையும் தெரிந்த சில பேர் மட்டும் நடத்தும் தனியார் கம்பெனிக்கு இதை நீட்டக் கூடாது என்றே அவரும் எழுதுகிறார். ஆக, நான்கு பேர் குடும்பக் கம்பெனியை நடத்திக்கொண்டு 'லிமிடெட்' என்ற சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள, ஏற்றவரின் ஃபத்வாவிலும் இடமில்லை.

முழாரபா சட்டத்திலும் இதே கோடுதான் ஓடுகிறது. பிறர் முதலைக் கொண்டு வியாபாரம் செய்பவர் அமானிதக்காரர். நஷ்டம் வந்தால் அது முதல் போட்டவருடையது. ஆனால் அவர் வரம்பு மீறினால் (தஅத்தீ), கடமையில் குறை வைத்தால் (தக்ஸீர்) முழு முதலுக்கும் அவரே பொறுப்பு. முதலுக்கு உத்தரவாதம், மாதம் இவ்வளவு என்று உறுதி சொன்னால் அது முழாரபாவே அல்ல. 'ஹலால் லாபம்' என்று பெயர் வைத்தாலும் வட்டிதான். இப்படிப்பட்ட 'ஹலால் முதலீடு' என்ற விளம்பரத்தை நம்பிப் பெங்களூரின் ஐ.எம்.ஏ. நிறுவனத்தில் பல்லாயிரம் முஸ்லிம் குடும்பங்கள் பணம் போட்டன. 2019 ஜூனில் அதன் தலைவர் நாட்டை விட்டுப் போனார். இயக்குநர்கள் கைதானார்கள். ஜூலையில் அவரும் டெல்லி விமான நிலையத்தில் கைது செய்யப்பட்டார். வழக்கு சி.பி.ஐ.யிடம் போனது. மக்களை முதலீடு செய்யத் தூண்டினார் என்ற குற்றச்சாட்டில் ஓர் இமாமும் கைதானார். மிம்பரில் நிற்கும் நம்மைப் போன்றவர்கள் இதை மறக்கக் கூடாது. எந்த நிறுவனத்துக்கும் ஜும்ஆ மேடையில் நற்சான்று கொடுப்பது ஆலிமின் வேலையல்ல.

தமிழ்நாட்டில் இப்படி ஏமாந்தவர்களுக்கு 1997ஆம் ஆண்டு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுக்க வேண்டும். சொத்தை முடக்கி, சிறப்பு நீதிமன்றம் வழியாக விற்றுப் பங்கிட அதில் வழி உண்டு. அனுமதியில்லாமல் டெபாசிட் வாங்குவதையே 2019ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் தடை செய்துவிட்டது. மோசடியாகத் திருப்பித் தராமல் விட்டால் பத்து ஆண்டு வரை சிறை. "ஜமாஅத்தில் பேசி முடிப்போம்" என்று மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டிருந்தால், அதற்குள் சொத்து கைமாறிப் போய்விடும். பேசுவதைப் பேசுங்கள், புகாரைத் தள்ளிப் போடாதீர்கள்.

சகோதரிகளுக்குக் குறிப்பாகச் சொல்ல வேண்டியது உண்டு. கணவரோ மகனோ "சும்மா ஒரு கையெழுத்து" என்று கேட்டால், எதில் என்று கேளுங்கள். இயக்குநர் பதவிக்கா, வங்கிக் கடனுக்கு ஜாமீனுக்கா? இரண்டாவது இன்னும் கடுமையானது. கம்பெனி திவாலாகிக் கடன் தீர்வு ஏற்பட்டாலும், ஜாமீன் கொடுத்தவரின் பொறுப்பு தானாக நீங்காது என்று 2021இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. உங்கள் பெயரில் உள்ள வீடும் மஹர் நகையும் அதில் போகலாம். பெயர் ஏற்கெனவே இருந்தால், ஆண்டுதோறும் கணக்கு தாக்கல் ஆகிறதா என்று அமைச்சகத்தின் இணையதளத்தில் பாருங்கள் அல்லது படித்த பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். டிஜிட்டல் கையொப்பத்தைத் திருப்பி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். விலக விரும்பினால் கம்பெனிக்கு எழுத்தில் ராஜினாமா கொடுத்து, டி.ஐ.ஆர்.-11 படிவத்தில் நீங்களே பதிவாளருக்கும் தெரிவிக்கலாம். விலகும் நாளுக்கு முன் நடந்ததற்கு மட்டும் பொறுப்பு தொடரும்.

கடைசியாக ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் பைத்துல்மால் பொறுப்பாளர்களுக்கும். ஜகாத் பெறத் தகுதியான எட்டு வகையினரில் கடனாளியும் ஒருவர். உண்மையில் நொடித்தவர் நம்மிடம் கையேந்த வெட்கப்படுவார். நாம்தான் தேடிப் போக வேண்டும். அவருக்கு மேலே சொன்ன சட்டம் பாதுகாப்பாகவும் இருக்கிறது, வக்கீல் செலவுக்கு வழியில்லாவிட்டால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகச் சொல்லலாம். ஏழ்மை தாக்கிய ஒருவர் உதவி கேட்க, அவர் கூட்டத்தில் விவரமுள்ள மூன்று பேர் சாட்சி சொல்ல வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் கபீஸா (ரலி) அவர்களிடம் கூறியது முஸ்லிமில் இருக்கிறது. அதையே நடைமுறையாக்கலாம். விண்ணப்பிப்பவரிடம் நீதிமன்றத்தில் கொடுத்த சொத்துப் பட்டியலின் நகல், கடன் கொடுத்தவர்களின் பட்டியல், கடந்த இரண்டு ஆண்டுகளுக்கான வில்லங்கச் சான்று இவற்றை வாங்குங்கள். அவர் தொழில் அறிந்த மூன்று வியாபாரிகளிடம் விசாரியுங்கள். வில்லங்கச் சான்று அவர் பெயருக்கு மட்டும் வாங்கினால் போதாது. சமீபத்தில் மனைவி மக்கள் பெயருக்கு மாறிய சொத்துக்கும் சேர்த்து வாங்க வேண்டும்.